கண்ணில்லாத ராக்கெட்

(செப்டம்பர் 1 யுத்த எதிர்ப்பு தினக் கூட்டத்தில், ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் மத்தியில் நிகழ்த்திய உரை)



1939-ம் வருஷம் இதே செப்டம்பர் 1-ந் தேதிதான் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. அதனால்தான் தொழிற்சங்கங்கள் இந்த நாளை யுத்த எதிர்ப்பு தினமாக அனுஷ்டிக்கின்றன. பகல் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்திருக்கிறீர்கள். நாற்றங்கால் வேலை முடித்து, காலில் சேறு காயாமல் வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க நமக்கு உரிமை கிடையாது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருவோம்.

யுத்த எதிர்ப்புக் கூட்டம் என்றால் அணுகுண்டைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அணுகுண்டைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். இனியும் பேசத்தான் போகிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களை அழித்த பிறகு யுத்தத்தில் அணுகுண்டு போடப்படவில்லை. அதற்குப் பிறகு யுத்தங்களில் மடிந்த லட்சோப லட்சம் ஜனங்கள் எதனால் மடிந்தார்கள்? சாதாரண ஆயுதங்களால் மடிந்தார்கள். பத்திரிகையில் தலைப்புக்கூடப் பெறாத ஆயுதங்களால் மடிந்தார்கள். அப்படிப்பட்ட ஓர் ஆயுதத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். விமானத்திலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் தரையை நோக்கிச் சுடுகிற ராக்கெட். வழிகாட்டும் கருவி எதுவும் இல்லாத ராக்கெட்.

தீபாவளி வாணமும் ராணுவ வாணமும்

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். தீபாவளிக்கு நம் பிள்ளைகள் ராக்கெட் வாணம் விடுகிறார்கள். ஒரு காகிதக் குழாய், அதற்குள் மருந்து, பின்னால் ஒரு நீளமான குச்சி. பாட்டிலில் நிறுத்தித் திரியைப் பற்றவைத்தால் சீறிக்கொண்டு கிளம்புகிறது. கிளம்பும் வரையில்தான் அது நம் வசம். கிளம்பிய பிறகு? காற்று இழுத்த பக்கம் போகும். குச்சி கொஞ்சம் வளைந்திருந்தால் வளைந்து போகும். எத்தனை தீபாவளியில் பக்கத்துத் தெருக் கூரையில் விழுந்திருக்கிறது! எத்தனை வைக்கோற்போர் எரிந்திருக்கிறது! குடிசையில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். மாடி வீட்டுக்காரருக்கு அது வேடிக்கை.

ராணுவ ராக்கெட்டும் இதே ஜாதிதான். காகிதக் குழாய்க்குப் பதில் உலோகக் குழாய். குச்சிக்குப் பதில் வாலில் மடக்கி விரியும் தகடுகள். தலையில் வெடிகுண்டு. இன்று உலகத்தில் அதிகமாகப் புழங்குகிற ஒரு வகை 70 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். பத்துக் கிலோ சுமார் எடை. அதன் தலையில் இருக்கிற குண்டு மட்டும் நாலரைக் கிலோ சுமார் இருக்கும். அது வெடித்தால் இரும்புச் சிதறல்கள் 50 மீட்டர் தூரம் வரையிலும் ஆளைக் கொல்லக்கூடும். இதை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவதில்லை. 7 குழாய், 19 குழாய் என்று சேர்த்துக் கட்டிய கூடுகளில் அடுக்கி, விமானத்தின் இறக்கையிலும் ஹெலிகாப்டரின் விலாவிலும் மாட்டுகிறார்கள்.

விமானத்தில் பீரங்கி வைக்காமல் ஏன் ராக்கெட்டை மாட்டினார்கள்? பரிசலில் நின்றுகொண்டு கரைக்குத் தாவிப் பாருங்கள். நீங்கள் முன்னால் போவீர்கள். பரிசல் பின்னால் போகும். பீரங்கியும் அப்படித்தான். குண்டை முன்னால் தள்ளும்போது தன்னைத் தாங்கியிருப்பதைப் பின்னால் உதைக்கிறது. பெரிய பீரங்கியின் உதையைச் சிறு விமானத்தின் இறக்கை தாங்காது. ராக்கெட்டுக்கு அந்த உதை கிடையாது. தன் மருந்தை எரித்துத் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே குறைந்த செலவில், ஒரு சின்ன விமானத்துக்குக் கப்பல் பீரங்கியின் பலம் வந்துவிடுகிறது. ராணுவ அதிபதிகளுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் குழாயை விட்டுக் கிளம்பிய ராக்கெட்டை யாராலும் திருப்ப முடியாது. அதற்குக் கண் இல்லை. காற்று தள்ளும். பூமி இழுக்கும். சுடும் நேரத்தில் விமானத்தின் மூக்கு ஒரு நூலிழை சாய்ந்திருந்தாலும், ஆயிரம் இரண்டாயிரம் மீட்டர் தாண்டும்போது அந்த நூலிழை பல கெஜமாகிவிடும். ஹெலிகாப்டரிலோ, தலைக்கு மேல் சுற்றுகிற விசிறியின் காற்றே ராக்கெட்டைப் புரட்டும். அப்படியானால் எப்படிக் குறி தப்பாமல் அடிப்பது? அடிப்பதில்லை! ஒன்று போகாவிட்டால் பத்து. பத்து போதாவிட்டால் நாற்பது என்று சேர்ந்தாற்போலச் சுடுகிறார்கள். நீங்கள் விதை தெளிக்கும்போது ஒவ்வொரு விதைக்கும் இடம் பார்த்தா போடுகிறீர்கள்? கைநிறைய அள்ளி, நாற்றங்கால் முழுவதும் விழும்படி வீசுகிறீர்கள். அவர்களும் அப்படித்தான் வீசுகிறார்கள்.

எங்கிருந்து வந்தது இது?

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1780-ம் வருஷம் செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர் என்ற இடத்தில் கும்பினிப் படை ஹைதர் அலி, திப்பு படைகளிடம் படுதோல்வி அடைந்தது. அந்தச் சண்டையில் மைசூர்ப் படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைப் பயன்படுத்தியது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, அங்கே கிடைத்த ராக்கெட்டுகளை வெள்ளையர் லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த உல்விச் ஆயுதசாலைக்குக் கொண்டுபோனார்கள். காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பார்த்து இங்கிலீஷ் ராக்கெட் செய்தார். 1807-ல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் மீது அவற்றைப் பொழிந்தார்கள். நகரம் பற்றி எரிந்தது.

விமானத்தில் முதலில் மாட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1916-ல் ஜெர்மானியரின் வேவு பலூன்களைக் கொளுத்துவதற்காகக் குச்சி வைத்த ராக்கெட்டுகளை, தீபாவளி வாணம் போலவே, விமானத்தில் கட்டினார்கள். 1939-ல் மங்கோலிய எல்லையில் கல்கின்கோல் சண்டையில், ஜப்பானிய விமானங்களுக்கு எதிராகச் சோவியத் விமானங்கள் 82 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளைச் சுட்டன. 1941-க்குப் பிறகு ஹிட்லர் படைகளின் டாங்கிகளின் மீது அவை பாய்ந்தன. 1943 முதல் பிரிட்டிஷ் விமானங்களும் 3 அங்குல ராக்கெட்டுகளைச் சுமந்தன. பாசிசத்தை ஒழித்த யுத்தத்தில் இந்த ஆயுதத்துக்கும் பங்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த யுத்தத்திலேயே இதன் லட்சணம் தெரிந்துவிட்டது. 1944 ஆகஸ்டில் பிரான்சில் மோர்த்தான் என்ற இடத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு, ஏராளமான டாங்கிகளை ராக்கெட்டால் நொறுக்கிவிட்டோம் என்று விமானிகள் சொன்னார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் தரையில் நடந்து போய் ஒவ்வொரு டாங்கியாகப் பார்த்து எண்ணினார்கள். ராக்கெட் பட்டு அழிந்தவை சொன்னதில் ஒரு சிறு பகுதிதான்! ஜெர்மானியச் சிப்பாய்கள் பயத்தால் டாங்கியைப் போட்டுவிட்டு ஓடியதுதான் அதிகம். அதாவது இந்த ராக்கெட் குறியை அடிப்பதைவிட, குறிக்குச் சுற்றுப்புறத்தில் இருப்பவர்களை நடுங்க வைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டியது.

208 ராக்கெட், ஒரு விமானம்

இன்னொரு கதை சொல்கிறோம், சிரிப்பீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நடந்தது. 1956 ஆகஸ்ட் 16. சுட்டுப் பழகுவதற்காக ஆளில்லாமல் பறக்கவிட்ட ஒரு பழைய விமானம் கட்டுப்பாட்டை மீறி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் பக்கம் திரும்பிவிட்டது. உடனே அமெரிக்க விமானப் படை இரண்டு ஜெட் விமானங்களை அனுப்பியது. ஒவ்வொன்றிலும் 104 ராக்கெட். இப்போது சொன்னோமே, அந்த 70 மில்லிமீட்டர் ராக்கெட்டின் மூதாதைதான். எதிரி விமானமோ ஆளில்லாதது; திருப்பிச் சுடாது. இரண்டு விமானங்களும் சுட்டன, சுட்டன, மொத்தம் 208 ராக்கெட்டையும் சுட்டுத் தீர்த்தன. ஒன்றுகூட அதை வீழ்த்தவில்லை! அந்தப் பழைய விமானம் எண்ணெய் தீரும் வரை பறந்து, பாமடேல் என்ற ஊருக்கு அப்பால் பாலைவனத்தில் தானாக விழுந்தது.

ஆனால் சுட்ட 208 ராக்கெட்டும் எங்கே போயின? தரையில் விழுந்தன. ஆயிரம் ஏக்கர் அளவுக்குக் காடும் புதரும் எரிந்தன. பாமடேல் ஊரில் வீடுகளிலும் கார்களிலும் துண்டுகள் பாய்ந்தன. தெய்வாதீனமாக என்பார்களே, அப்படி உயிர்ச்சேதம் இல்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். ஆகாயத்தில் ஒரு விமானத்தை அடிக்க முடியாத இந்த ராக்கெட்டை அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குப்பையில் போடவில்லை. ஹெலிகாப்டரில் மாட்டி வியட்நாமுக்கு அனுப்பினார்கள்!

1962 முதல் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் வியட்நாம் கிராமங்களின் மேல் ராக்கெட்டோடு பறந்தன. சில ஹெலிகாப்டர்களில் இந்தப் பக்கம் 24, அந்தப் பக்கம் 24, ஆக 48 ராக்கெட். சிலவற்றின் தலையில் வெடிமருந்து; சிலவற்றில் தோலைப் பிடித்தால் விடாமல் எரிகிற வெள்ளைப் பாஸ்பரஸ்; இன்னும் சிலவற்றில் வெடித்துச் சிதறுகிற சின்னச் சின்ன இரும்பு ஆணிகள், ஒரே ராக்கெட்டில் 2,000-க்கு மேல். சில பிரதேசங்களை வரைபடத்தில் கோடு போட்டு, இதற்குள் இருப்பவன் எல்லாம் எதிரி, யாரையும் சுடலாம் என்று அறிவித்தார்கள். யோசித்துப் பாருங்கள், தோழர்களே. ஒரு விமானத்தை அடிக்க லாயக்கில்லாத ஆயுதம், நாற்று நடுகிறவளும் எருமை மேய்க்கிற பையனும் எதிரி என்று சொன்னவுடன் லாயக்குள்ள ஆயுதமாகிவிட்டது. ராக்கெட் மாறவில்லை. யாரைக் குறி என்று சொல்கிறோம் என்பதுதான் மாறியது.

மலாயாவில் நம் மக்கள்

இது அமெரிக்கர் மட்டும் கற்றுக்கொண்ட வித்தை அல்ல. நம் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போன உழைப்பாளிகள் ரப்பர் பால் வெட்டிய மலாயாவை எண்ணிப் பாருங்கள். யுத்தம் முடிந்ததும் தோட்டத் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள்; கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1948 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சி சங்கங்களின் சம்மேளனத்தை ரத்து செய்தது. அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. யுத்தம் என்று சொன்னால் தோட்ட முதலாளிகளுக்கும் ஈயச் சுரங்க முதலாளிகளுக்கும் இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காது என்பதால்தான் அதை யுத்தம் என்று சொல்லவில்லை என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பெயர் யுத்தம் இல்லை, நடந்தது யுத்தம். ஜெர்மன் டாங்கிகளின் மீது சுட்ட அதே 3 அங்குல ராக்கெட், அதே மாதிரி விமானங்கள், மலாயாக் காட்டின் மேல் வட்டமிட்டன. இலங்கையில் இருந்த பிரிட்டிஷ் விமானப் பிரிவு ஒன்றும் அங்கே கொண்டுபோகப்பட்டது. மரம் மூடிய காட்டில், கீழே யார் இருக்கிறார்கள் என்பது விமானிக்குத் தெரியாது. காட்டில் கொரில்லா இருக்கலாம். காட்டுக் குடிகள் இருக்கலாம். ராக்கெட் கேட்டுவிட்டா விழுகிறது? காட்டுக்கு ராக்கெட், நகரத்துக்குத் தூக்குமரம். அந்தச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த தஞ்சை மண்ணின் மைந்தர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். சங்கம் வைத்தவனுக்கு ஏகாதிபத்தியம் கொடுத்த கூலி அது.

சிலியின் அரண்மனை

இப்போது தென் அமெரிக்காவுக்கு வாருங்கள். சிலி என்று ஒரு தேசம். தாமிரம் விளைகிற பூமி. அந்தத் தாமிரச் சுரங்கங்களில் பெரியவை எல்லாம் அமெரிக்கக் கம்பெனிகள் வசம் இருந்தன. 1970-ல் நடந்த தேர்தலில் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்த மக்கள் ஐக்கியத்தின் சார்பில் டாக்டர் சால்வதோர் அலெண்டே ஜெயித்து ஜனாதிபதியானார். 1971 ஜூலையில் பெரிய தாமிரச் சுரங்கங்களைத் தேசத்தின் உடைமையாக்கினார். குழந்தைகளுக்குத் தினம் அரை லிட்டர் பால் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தார். பெரும் பண்ணைகளின் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையை வேகப்படுத்தினார். கோடீஸ்வரர்களுக்குப் பொறுக்குமா? அவரைப் பதவிக்கு வராமல் தடுக்கவும், வந்த பிறகு கவிழ்க்கவும் சி.ஐ.ஏ. பணம் கொட்டியதை, 1975-ல் அமெரிக்க செனட் கமிட்டியின் அறிக்கையே வெளியிட்டது.

1973 செப்டம்பர் 11. காலையில் ராணுவம் கிளம்பியது. அலெண்டேயின் மொனேதா அரண்மனையை டாங்கிகள் சூழ்ந்தன. நாட்டை விட்டுப் போவதற்கு விமானம் தருகிறோம் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். எஞ்சியிருந்த ஒரு வானொலி மூலம் ஜனங்களிடம் கடைசியாகப் பேசினார். நண்பகலுக்குச் சற்று முன்னால் ஹாக்கர் ஹண்டர் விமானங்கள் வந்தன. பிரிட்டனில் செய்து சிலிக்கு விற்ற விமானங்கள். மாற்றி மாற்றிப் பாய்ந்து அரண்மனையின் மேல் ராக்கெட்டுகளைச் சுட்டன. நகரத்தின் நடுவில், நின்ற இடத்தில் நிற்கிற பெரிய கட்டடம்; எதிர்த்துச் சுட விமானம் இல்லை; பீரங்கி இல்லை. கண்ணில்லாத ராக்கெட்டுக்கு இதைவிடச் சுலபமான குறி எது? அரண்மனை பற்றி எரிந்தது. அலெண்டே அங்கேயே உயிர்விட்டார்.

ஜனாதிபதியின் வீட்டையும் அன்று விமானங்கள் தாக்கின. அந்தத் தாக்குதலில் ஒரு விமானி, வீடு என்று நினைத்துத் தங்கள் விமானப் படையின் ஆஸ்பத்திரியையே சுட்டுவிட்டான்! எதிரியைக் கொல்லப் போனவர்கள் தங்கள் நோயாளியின் தலையில் போட்டார்கள். கண்ணில்லாத ஆயுதத்தைப் பற்றி இதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பினோசே என்ற தளபதியின் 17 வருஷ சர்வாதிகாரம். 3,000-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், காணாமலடிக்கப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் சித்திரவதைப்பட்டார்கள். சங்கங்கள் நசுக்கப்பட்டன.

ஏழாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு தொழிலாளி

"ஆயுதம் செய்பவன் எங்கோ இருக்கிறான், சுடுபவன் எங்கோ இருக்கிறான். கூலிக்கு வேலை செய்கிற நம்மால் என்ன ஆகும்?" தோழர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். ஆலை வாசலில் கேட்கிறார்கள். களத்து மேட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நம் வாயால் பதில் சொல்லாமல், ஸ்காட்லாந்து தேசத்துத் தொழிலாளிகள் சொன்ன பதிலைச் சொல்கிறோம்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் ஈஸ்ட் கில்பிரைட் என்று ஓர் ஊர். அங்கே ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் விமான எஞ்சின் பட்டறை. 1974 மார்ச்சில், எஞ்சின் சோதிக்கிற வேலையில் இருந்த பாப் ஃபுல்டன் என்ற தொழிலாளியின் முன்னால் ஓர் எஞ்சின் வந்தது. அதோடு வந்த விவரத்தைப் பார்த்தார். சிலியிலிருந்து பழுதுபார்க்க வந்த ஹாக்கர் ஹண்டர் விமானத்தின் எஞ்சின்! அரண்மனை எரிந்த படங்களை அவர் பார்த்திருந்தார். ஹிட்லருக்கு எதிரான யுத்தத்தில் பணியாற்றியவர் அவர். "இதில் நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு தொழிலாளி இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மேஸ்திரி கூப்பிடுவான், மெமோ வரும், கேட்டுக்கு வெளியே நிறுத்துவான். ஃபுல்டன் தனியாக நிற்கவில்லை என்பதுதான் விஷயம். ராபர்ட் சோமர்வில், ஸ்டூவர்ட் பாரி, ஜான் கீனன் முதலிய தோழர்கள் கூட நின்றார்கள். சங்கம் கூட நின்றது. பட்டறை முழுவதும் ஒரே வார்த்தை: சிலி எஞ்சினைத் தொடமாட்டோம். எஞ்சின்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வெளியே, மழையிலும் பனியிலும் கிடந்தன. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, நான்கு வருஷங்கள்! 1978-ல்தான், ஓர் இரவில், தொழிலாளிகளுக்குத் தெரியாமல் லாரி வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். பகலில் வந்து எடுக்க அவர்களுக்குத் துணிச்சல் இல்லை.

அந்தத் தொழிலாளிகளுக்குத் தாங்கள் செய்தது பயன்பட்டதா என்று பல காலம் தெரியாது. எஞ்சின் போய்விட்டதே, தோற்றுவிட்டோமே என்றுகூட அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் 2015-ல், சர்வாதிகாரம் ஒழிந்த சிலி நாட்டின் சர்க்கார் ஃபுல்டன், கீனன், சோமர்வில் மூவருக்கும் தேசத்தின் உயர்ந்த விருதை அளித்துக் கௌரவித்தது. 2018-ல் அவர்கள் கதை சினிமாப் படமாகவும் வந்தது.

அவர்களில் யாரும் சிலியைப் பார்த்தவர்கள் அல்ல. அலெண்டேயின் பாஷை அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: தங்கள் கைக்கு வந்த வேலை யார் தலையில் போய் விழும் என்று கேட்டார்கள். ராக்கெட்டுக்குக் கண் இல்லை. ஆனால் மருந்து நிரப்புகிறவனுக்கு, எஞ்சின் சோதிக்கிறவனுக்கு, கப்பலில் ஏற்றுகிறவனுக்குக் கண் இருக்கிறது. ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்கிற தொழிலாளியோடு நமக்குப் பகை இல்லை. அவனும் கூலிக்காரன்தான், அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அவனைத் தனியாக நின்று வேலையை உதறிவிடு என்று நாம் சொல்லவில்லை. சங்கமாகச் சேர்ந்து கேள், நாங்களும் கூட நிற்கிறோம் என்றுதான் சொல்கிறோம்.

மறைக்க வேண்டியதில்லை

இங்கே ஒரு கேள்வி வரும். "ஏகாதிபத்தியவாதிகளை மட்டும் சொல்கிறீர்களே, சோவியத் ஹெலிகாப்டர்கள் ராக்கெட் சுடவில்லையா?" என்று எதிர்க்கட்சி நண்பர்கள் மட்டுமல்ல, நம் இளைஞர்களும் கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் நழுவுவது உழைப்பாளி வர்க்கத்துக்கு அழகல்ல.

சுட்டன. 1979 டிசம்பர் முதல் 1989 பிப்ரவரி வரை ஆப்கானிஸ்தானில் சோவியத் ஹெலிகாப்டர்கள் 57 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளைச் சுட்டன. அமெரிக்கா எதிர்த் தரப்புக்கு ஆயுதம் கொட்டிக் கொடுத்தது என்பதும் உண்மை. அந்த ராக்கெட்டுகள் கிராமங்களில் விழுந்தன என்பதும் உண்மை. ஒரு உண்மையைச் சொல்லி இன்னொன்றை மூட முடியாது. ஆப்கான் விவசாயியின் மண்சுவர், மேலே பறப்பதில் எந்த நட்சத்திரம் வரைந்திருக்கிறது என்று பார்த்து இடிவதில்லை. குறி பார்க்க முடியாத ஆயுதத்தைக் குடியிருப்பின் மேல் சுடுவது, சுடுகிறவன் எந்தக் கொடியைப் பிடித்தாலும் தவறு. இதை நாம் சொல்லாவிட்டால், மற்றவர்களைப் பற்றி நாம் சொல்வதை யார் நம்புவார்கள்?

நம் வீட்டையும் பார்ப்போம். 1966 மார்ச்சில், மிசோ மலைகளில் அய்ஸ்வால் நகரத்தை நம் நாட்டு விமானப் படையின் விமானங்களே தாக்கின. கலகத்தை அடக்குகிறோம் என்றார்கள். எரிந்தது சாதாரண ஜனங்களின் வீடுகள். சொந்த நாட்டு ஜனங்களின் மேல் விமானத்திலிருந்து சுடுவது என்ற அந்தக் காரியம் எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி நடக்கக்கூடாது.

இன்று என்ன நிலைமை?

பழைய கதை சொல்கிறோம் என்று எண்ணாதீர்கள். உக்ரைன் யுத்தத்தில் 2022 முதல் இரண்டு தரப்பு ஹெலிகாப்டர்களும், எதிரியின் சுடுதலுக்குப் பயந்து, வெகு தூரத்திலேயே மூக்கை வானத்துக்குத் தூக்கி, ராக்கெட்டுகளை அண்ணாந்து எறிந்துவிட்டுத் திரும்பின. எங்கே விழும் என்பதைச் சுட்டவனே பார்ப்பதில்லை. நம் பக்கத்து நாடான மியான்மரில், 2021 பிப்ரவரியில் ஆட்சியைப் பிடித்த ராணுவம், தன் ஜனங்களின் மேலேயே ஹெலிகாப்டர்களை ஏவியது. 2022 செப்டம்பர் 16 அன்று சாகைங் பகுதியில் லெட் யெட் கோன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தை அவை தாக்கின. குறைந்தது 11 குழந்தைகள் மாண்டார்கள் என்று ஐ.நா.வின் குழந்தைகள் ஸ்தாபனம் தெரிவித்தது. பாடம் நடக்கிற நேரம், தோழர்களே.

"இப்போது ராக்கெட்டுக்குக் கண் வைத்துவிட்டார்கள், இனிக் கவலை இல்லை" என்று ஆயுதக் கம்பெனிகள் பிரசாரம் செய்கின்றன. அதே 70 மில்லிமீட்டர் ராக்கெட்டில், லேசர் ஒளியைப் பார்த்துத் திரும்புகிற ஒரு கருவியை மாட்டுகிறார்கள். குறி தப்புவது குறைந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் அந்தக் கருவியால் விலை பல மடங்காகிறது. அதனால் கண்ணில்லாத மலிவு ராக்கெட்டுகள் ஆயுதசாலைகளை விட்டுப் போகவில்லை. விலை உயர்ந்தது பணக்கார ராணுவங்களுக்கு, மலிவானது மற்றவர்களுக்கு. அதற்கும் மேலாக, ராக்கெட்டுக்கு வைத்த கண், எந்த வீட்டை அடிப்பது என்று முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்பவன் மனிதன். அவனை யார் கேள்வி கேட்பது?

நாம்தான் கேட்க வேண்டும். அதற்கு ஒரு சட்டமும் இருக்கிறது. 1977-ல், ஜெனீவா உடன்படிக்கைகளோடு ஒரு கூடுதல் உடன்படிக்கை சேர்க்கப்பட்டது. ராணுவக் குறியையும் பொதுஜனங்களையும் பிரித்துப் பார்க்காமல் தாக்குவதை அது தடை செய்கிறது. உலகத்தின் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு நின்றது, அதை அங்கீகரிக்கவில்லை. நம் இந்தியாவும் அதில் சேரவில்லை. அகிம்சையைப் பற்றி உலகத்துக்கு உபதேசம் செய்கிற நாடு, ஜனங்கள் இருக்கிற இடத்தில் கண்மூடிச் சுடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறோம்.

ஒன்று: 1977-ம் வருஷத்துக் கூடுதல் உடன்படிக்கையில் இந்திய சர்க்கார் சேர வேண்டும்.

இரண்டு: ஜனங்கள் குடியிருக்கிற இடங்களின் மேல் விமானத்திலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் ராக்கெட் சுடுவதை எந்த நாடு செய்தாலும் இந்திய சர்க்கார் கண்டிக்க வேண்டும், அப்படிச் சுடுகிற ராணுவங்களுக்கு இங்கிருந்து எந்தத் தளவாடமும் போகக்கூடாது.

இந்தத் தீர்மானங்களை இங்கே கை தூக்கி நிறைவேற்றுவதோடு நிறுத்த வேண்டாம். நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது ஆலை வாசலில் பேசுங்கள். களை எடுக்கும்போது வரப்பில் நின்று பேசுங்கள். ஒவ்வொரு சங்கக் கிளையிலும், ஒவ்வொரு கிராமத்திலும் இதே தீர்மானத்தை நிறைவேற்றிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கட்டும். ஈஸ்ட் கில்பிரைட் தொழிலாளிகள் நான்கு வருஷம் காத்தார்கள். நாமும் சலிக்காமல் கேட்போம்.

தீபாவளி வாணம் கூரையில் விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? யார் வீட்டுக் கூரை, எந்தத் தெரு, எந்த ஜாதி என்று கேட்டுக்கொண்டா நிற்கிறோம்? குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வியட்நாமின் கூரைக்கும், சிலியின் கூரைக்கும், மியான்மர்ப் பள்ளிக்கூடத்தின் கூரைக்கும் அப்படியே ஓடுவோம்.

யுத்த வெறி ஒழிக!

உலக சமாதானம் ஓங்குக!

உழைப்பாளி மக்கள் ஒற்றுமை ஓங்குக!